நம்பிக்கைகளும் உண்மைகளும்: தோட்ட ஆபீசுக்கு அப்பால் ஒரு வாசல்

மலையகத்துத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருக்கும் அபிப்பிராயங்களுள் மிகப் பலமானது, நோய் வந்தாலும் பிள்ளைப்பேறு வந்தாலும் முதுமை வந்தாலும் தொழிலாளியின் க்ஷேமம் முழுவதும் தோட்ட ஆபீஸ் வாசலிலே தொடங்கி அங்கேயே முடிகிறது என்பதாகும். இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. கோப்பிக் காலத்திலேயே, 1872 ஆம் ஆண்டில், தோட்டத்துக் கூலிகளின் வைத்தியத் தேவைகளுக்கெனத் தனியாக ஒரு சட்டம் பிறந்தது. 1912 இல் வேறொரு சட்டம் வந்து, நோயுற்ற தொழிலாளியைப் பராமரிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலைமேல் வைத்தது. டிஸ்பென்சரியும் பிள்ளை மடுவமும் மருத்துவிச்சியும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே அமைந்த வரலாறு இதுதான். அமைந்ததிலே குற்றம் காண்பதற்கில்லை; ஆனால் ஏனைய பிரஜைகளுக்கு அரசாங்கம் திறந்துவைத்த வாசல்கள் யாவும் வேறு யாருக்கோ உரியவை என்னும் மனப்பான்மையும் அவற்றுடன் சேர்ந்தே வளர்ந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மனப்பான்மைக்கு நியாயமும் கற்பித்துவிட்டது. 2003 இல் நிறைவேறிய சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கி அந்த அத்தியாயத்தைக் காகிதத்தில் முடித்துவைத்தது. பெரட்டுக்களத்துப் பேச்சில் அது இன்னும் முடிந்தபாடில்லை.

அப்பேச்சில் அடிக்கடி காதில் விழும் முதல் நம்பிக்கை, “தோட்டத்துத் துண்டு இல்லாமல் பெரியாஸ்பத்திரியில் எடுக்கமாட்டார்கள்” என்பது. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளின் கட்டணம் 1951 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. இடையில் எழுபதுகளிலே வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிய ஒரு சிறு காலம் உண்டு, அதுவும் 1977 இல் ஒழிந்தது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு கட்டப்பெற்று 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கோ செல்லும் ஒருவர், தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் பெயர் உள்ளவரா, அஸ்வெசும உதவிப்பணம் பெறுபவரா, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர் என்ற கேள்விகளுள் எதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவரல்லர். டிஸ்பென்சர் ஐயா எழுதித் தரும் கடிதம், நோயின் வரலாற்றை அங்குள்ள டாக்டருக்குச் சுருக்கமாகத் தெரிவிப்பதால் அனுகூலமானது; ஆகையால் கிடைத்தால் கொண்டுபோவது நன்று. அது நுழைவுச்சீட்டு அன்று, அவ்வளவுதான்.

இதனுடன் ஒட்டிப் பிறந்தது, இரவிலே லொறி கிடைக்காமல் நோயாளி லயத்திலேயே தவிக்கும் நிலையில் எழும் “ஆம்புலன்சுக்கு யார் காசு கொடுப்பது?” என்ற கேள்வி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய வண்டி, 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அதற்குக் கட்டணம் கிடையாது. லயத்து வாசல்வரை வண்டி ஏற முடியாத பாதைகள் நம் தோட்டங்களிலே ஏராளம் என்பதால், அழைக்கிறபோதே எந்த டிவிஷன், எந்தச் சந்தியில் காத்திருப்போம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

இனி, இன்று எல்லா வீடுகளிலும் வாதத்துக்குரிய பொருளாகிவிட்ட அஸ்வெசுமவுக்கு வருவோம். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ், சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில், 2023 ஜூலை முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டத்தைப் பற்றி, “சங்கத் தலைவர் பேர் கொடுத்தால் வரும், கொடுக்காவிட்டால் வராது” என்று ஒரு சாராரும், “தோட்டத்தில் வேலை செய்து ஈ.பி.எப். கட்டுகிறவனுக்கு அது கிடையாது” என்று இன்னொரு சாராரும் சாதிக்கிறார்கள். இரண்டும் பிழை. தெரிவு நடப்பது கல்வி, சுகாதாரம், வருமான நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் வகுக்கப்பட்ட 22 அளவுகோல்களை வைத்து. செக்ரோலில் பெயர் இருப்பது ஒன்றே ஒரு குடும்பத்தை விலக்கிவிடும் காரணமாகாது. வறிய குடும்பத்துக்கு ஆரம்பத்தில் மாதம் 8,500 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவும் வகுக்கப்பட்டிருந்தன. 2025 ஜனவரியிலிருந்து அவை முறையே 10,000, 17,500 என உயர்ந்தன.

சுகாதாரம் அந்த ஆறு துறைகளுள் ஒன்று என்பதை வாசகர் சற்று நின்று சிந்திக்கவேண்டும். விபரம் திரட்ட உத்தியோகஸ்தர் வீட்டுக்கு வரும்போது, அந்நியர் முன்னிலையில் குறையைச் சொல்லக் கூசி, நாட்பட்ட சீனி வியாதியையும், வாதத்தினால் முடங்கிய கையையும், சித்தம் பேதலித்த தம்பியையும் உள்ளறையில் மறைத்து, “எல்லாரும் சுகமாக இருக்கிறோம் ஐயா” என்று கௌரவத்துடன் பதில் சொல்லியனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. மானமுள்ள மனிதரின் இயல்பு அது. நான் அதை ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பதில் படிவத்தில் ஏறியபின், அக்குடும்பத்தின் பாரத்தில் ஒரு பகுதி கணக்கில் இல்லாமலே போய்விடுகிறது. கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டுவது யாசகம் ஆகாது.

இத்திட்டத்திலேயே தனியாக மூன்று வகுப்பினருக்கு உதவி உண்டென்பதைப் பலர் அறியார்: நாட்பட்ட சிறுநீரக நோயாளர், வலது குறைந்தோர், எழுபது வயதைக் கடந்த வறியோர். முதலிரு வகுப்பினருக்கும் 2025 முதல் மாதம் 10,000 ரூபா. முதியோருக்கு 5,000 ரூபா. இதற்குரிய வழி கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்குச் செல்கிறது. தோட்டத்து மனேஜருக்கு இதில் யாதொரு வேலையும் இல்லை. புதிய விண்ணப்பங்கள் ஆண்டு முழுவதும் ஏற்கப்படுவதில்லை. காலத்துக்குக் காலம் கோரப்படுகின்றன. ஆதலால் கிராம உத்தியோகத்தரின் காரியாலயத்து அறிவித்தல் பலகையைப் பார்ப்பதில் சிரத்தை வேண்டும். பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். முதற் பட்டியல் வெளியான 2023 இல் நாடு முழுவதிலிருந்தும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன என்பதிலிருந்து, அது சண்டைக்காரன் செய்யும் காரியம் என்ற கூச்சம் அநாவசியமானது என்பது விளங்கும்.

மூன்றாவது நம்பிக்கை பணத்தைப் பற்றியது. கேட்பதற்கே மனம் வருந்தும் அளவுக்கு நட்டம் விளைவிப்பதும் அதுவே. “ஈ.பி.எப்., ஈ.டி.எப். எல்லாம் ஒன்றுதான், பேர் வெட்டிய பிறகுதான் கைக்கு வரும்” என்கிறார்கள். ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டானது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, நிர்வாகத்திலிருந்து 12. ஈ.டி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியமோ 1980 ஆம் ஆண்டினது. நிர்வாகம் மாத்திரமே நூற்றுக்கு 3 செலுத்துகிறது. நமது சம்பளத்தில் ஒரு சதமேனும் அதற்காக வெட்டப்படுவதில்லை. இந்த இரண்டாவது நிதியம், அங்கத்தவர் வேலையில் இருக்கும்போதே, இருதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண்ணில் வில்லை பொருத்துவதற்கும், அரசாங்க வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் உதவி வழங்குகிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்து முப்பது வருஷம் மலையேறிய ஒருத்தி, கண்புரை மூடி இலை தெரியாமற்போக, வில்லைக்காகத் தோட்டுத் தங்கத்தை அடகு வைக்கும் வேளையில், அவள் பேரிலே செலுத்தப்பட்ட நிதியத்தின் விண்ணப்பப் படிவம் எவராலும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

இதற்கு வேண்டியவை அங்கத்துவ இலக்கம், தேசிய அடையாள அட்டை, வைத்தியசாலைப் பத்திரங்கள், நிர்வாகத்தின் அத்தாட்சி. இந்த ஓர் இடத்தில் மாத்திரம் தோட்ட ஆபீசின் கையொப்பம் உண்மையாகவே தேவைப்படுகிறது. அத்தாட்சிப்படுத்துவது அவர்கள் கடமையேயன்றி உபகாரமன்று. சில நிர்வாகங்கள் நிதியத்துக்குரிய பணத்தைக் காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பது ஊரறிந்த விஷயமாதலால், நோய் வருமுன்னரே தம் கணக்கு நடப்பில் உள்ளதாவென்று விசாரித்தறிவதும், இல்லையேல் உரிய காரியாலயத்தில் முறையிடுவதும் புத்திசாலித்தனம். சேமலாப நிதியிலிருந்தும், பத்து வருஷப் பங்களிப்பும் மூன்று லட்சம் ரூபா மீதியும் உள்ளவர், வைத்தியச் செலவுக்காக 30 வீதம்வரை முன்கூட்டியே பெறலாம். ஆயினும் முதுமைக்கென்று வைத்த அந்தப் பணத்தை ஏனைய வழிகள் யாவும் அடைபட்ட பின்னரே தொடவேண்டும் என்பது என் கருத்து.

பிள்ளைப்பேற்றைக் குறித்து ஒரு வார்த்தை. மூன்றாம் பிள்ளைக்கு அரைவாசி லீவுதான் என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம்; பழைய சட்டம் அப்படித்தான் இருந்தது, 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பேதத்தை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்று வகுத்துவிட்டது.

பெரிய சத்திரசிகிச்சை என்றதும், நோயாளியின் படம் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்துடன் ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் உண்டியல் ஏந்தும் காட்சி நமக்குப் பழகிப்போயிற்று. ஈகையுள்ள சனங்கள் நாணயம் போடுகிறார்கள். அந்த ஈகையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம், இருதய நோய், சிறுநீரக மாற்று, புற்றுநோய் முதலிய கொடிய பிணிகளுக்கு வருமானம் குறைந்தோருக்கு உதவுகிறது. “அது கொழும்பில் செல்வாக்குள்ளவர்களுக்கு” என்று கருதப்பட்டதில் ஒரு காலத்தில் ஓரளவு உண்மையும் இருந்தது. விண்ணப்பிக்கக் கொழும்புக்கே அலையவேண்டியிருந்தது. 2025 ஆம் ஆண்டிலிருந்து அவரவர் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கையளிக்கலாம். விசேட வைத்திய நிபுணரின் சிபாரிசும், செலவு மதிப்பீடும், வருமானத்தைப் பற்றிய கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் தேவைப்படும். சத்திரசிகிச்சை முடிந்தபின் ஓடுவதைவிட, நாள் குறித்தவுடனேயே சென்று விசாரிப்பது உத்தமம்.

இத்தனை வாசல்களிலும் நமது சனங்கள் இடறி விழும் படிக்கட்டு பெரும்பாலும் ஒன்றே: பெயர். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதன் சிங்கள எழுத்தினால் திரிந்த வேறொரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய மூன்றாவது பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மாறிய நான்காவது பெயர் என்று ஒரே மனுஷி நால்வராகி நிற்கிறாள். நோய் வந்தபின் இதைத் திருத்தப் புகுவது பெருந்துன்பம். பிறப்புச் சான்றிதழில் உள்ள பிழையைப் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் சுகமாக இருக்கும் காலத்திலேயே திருத்திக்கொள்ளவேண்டும். அங்கே தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு இடமளிக்கிறது. சிங்களப் படிவத்தை நீட்டினால், தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கையளித்த விண்ணப்பத்துக்குப் பதிவிலக்கமோ பற்றுச்சீட்டோ கேட்டு வாங்கி, அதன் பிரதியொன்றைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை போகும்போது தலைவரையோ டிஸ்பென்சர் ஐயாவையோ துணைக்குக் கூட்டிப்போகவேண்டியதில்லை.