பாடம் 8: மின்னேற்றமும் பொதுநெறியும்

நுழையும்முன்

பச்சை நிறப் பதிவெண் பலகையுடன் செல்லும் மகிழுந்துகளைச் சாலையில் கண்டிருப்பீர்கள். அவை மின்னாற்றலால் இயங்குபவை. பெட்ரோல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும்; மின்னேற்றத்திற்கோ நேரம் வேண்டும். ஆகவே அங்குக் காத்திருப்போரும் இருப்பர். அவ்விடத்தில் பேண வேண்டிய நெறியை இப்பாடம் கூறுகிறது.

வீட்டில் மின்னேற்றம்

மின்கலத்தின் கொள்ளளவு யூனிட் கணக்கில் குறிக்கப்படுகிறது. வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் யூனிட்டும் இதுவே. 30 யூனிட் கொள்ளளவுள்ள மகிழுந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக் வழியே மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். முழுவதும் நிறையப் பத்து மணி நேரத்திற்குக் குறையாது. இரவில் இணைத்தால் காலையில் புறப்படலாம். சுவரில் பொருத்தப்படும் 7 கிலோவாட் மின்னேற்றி இருப்பின் ஐந்து மணி நேரத்திற்குள் பணி முடியும்.

பல மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் பாய்வதால் கம்பிகள் சூடேறும். எனவே இதற்கெனத் தனி மின்கம்பியும் முறையான எர்த் இணைப்பும் தேவை. நீட்டிப்புக் கம்பிகளைப் பயன்படுத்துதல் தீங்கு தரும். மாடியிலிருந்து நடைபாதையின் குறுக்கே கம்பியைத் தொங்கவிடுதலும் கூடாது. அடுக்ககங்களில் பொது விளக்குகளுக்குரிய இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால் அதன் செலவு அண்டை வீட்டார் மீது விழும். தனி மீட்டர் வைத்துக்கொள்வதே நேர்மை.

நெடுஞ்சாலையில் ஒரு மாலை

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஜெய்ப்பூரிலுள்ள மாமா வீட்டிற்குப் புறப்பட்டது. கோட்புத்லி அருகே மின்னேற்று நிலையத்தில் வண்டியை நிறுத்தினர். அங்கிருந்தது ஒரே மின்னேற்றி. அதில் இணைக்கப்பட்டிருந்த வண்டி முழுவதும் நிறைந்திருந்தது. அதன் உரிமையாளரைக் காணவில்லை. அவர் உணவருந்தி வர நாற்பது நிமிடங்கள் ஆயின. "பிறர் காத்திருப்பார் என்ற எண்ணமே இல்லையே!" என்று தந்தை சினந்தார்.

பின்னர் அவர்கள் முறை வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 80 விழுக்காடு ஏறியது. அதன்பின் ஏற்றம் மெதுவாயிற்று. மின்கலம் நிறைய நிறைய, அது கெடாமல் காக்கும்பொருட்டு வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சிய 20 விழுக்காட்டிற்கு அரை மணிக்கு மேல் ஆகும்.

அப்போது மற்றொரு வண்டி வந்து நின்றது. அதில் முதியவர் இருவர் இருந்தனர். 6 விழுக்காடு மின்சாரமே எஞ்சியிருந்தது. இருட்டத் தொடங்கியது.

"அப்பா, 160 கிலோமீட்டர் செல்லலாம் என்று திரையில் காட்டுகிறது. ஜெய்ப்பூருக்கு இன்னும் 110 கிலோமீட்டர்தானே?" என்றாள் மகள்.

"மாமா வீட்டில் மின்னேற்ற வசதி இல்லையம்மா. இப்போதே நிரப்பிக்கொண்டால் நாளை அலைய வேண்டாம்" என்றார் தந்தை.

"நாளை நாம் தேடிக்கொள்ளலாம். அவர்களுக்கு இன்று வேண்டுமே!"

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர் இணைப்பை எடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். மறுநாள் காலை ஜெய்ப்பூரில் மின்னேற்று நிலையம் தேடி ஒரு மணி நேரம் அலைந்தார். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை.

பொதுவிடத்தில் பேண வேண்டியவை

1. தேவையான அளவு ஏறியதும் வண்டியை நகர்த்துக.
2. பெட்ரோல், டீசல் வண்டிகளை அவ்விடத்தில் நிறுத்தற்க.
3. பிறர் வண்டியின் இணைப்பை அவர் இசைவின்றி எடுக்கற்க.
4. வண்டியை விட்டு அகன்றால் கைப்பேசி எண்ணை முன்கண்ணாடியில் எழுதி வைக்க.
5. மின்வடத்தைத் தரையில் போடாது உரிய கொக்கியில் மாட்டுக.
6. கருவி பழுதுற்றிருந்தால் நிலையத்தாருக்குத் தெரிவிக்க.

ஊரார் நீருண்ணும் குளத்தைத் தமிழர் ஊருணி என்றனர். குடம் நிறைந்தவர் துறையை விட்டு விலகினால்தான் அடுத்தவர் இறங்க இயலும். மின்னேற்று நிலையமும் இக்காலத்து ஊருணியே. காத்திருக்கும்போது பிறரிடம் எதிர்பார்க்கும் பண்பை, நம் முறை வந்தபின் நாமும் காட்டுதல் வேண்டும்.

சொற்பொருள்

மின்னேற்றம் – சார்ஜ் செய்தல்
மின்கலம் – பேட்டரி
மின்வடம் – கேபிள்
இசைவு – சம்மதம்
துறை – நீர்நிலையில் இறங்கும் இடம்

பயிற்சி

1. 80 விழுக்காட்டிற்குப் பின் மின்னேற்றம் மெதுவாவது ஏன்?
2. தந்தை முதலில் சினந்ததற்கும் பின்னர்த் தயங்கியதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. மணிக்கு 3 யூனிட் ஏறுமாயின் 12 யூனிட் ஏற எத்தனை மணி நேரம் ஆகும்?
4. பிரித்து எழுதுக: மின்னேற்றம், பொதுவிடம், மின்னாற்றல்.
5. நீங்கள் வாழும் பகுதியில் பலரும் முறைவைத்துப் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.