‘சிதம்பர ரகசியம்’ தொலைக்காட்சித் தொடர்: குறியீடும் சொல்லாட்சியும்

முன்னுரை

துப்பறியும் கதையில் மறைபொருள் இறுதியில் வெளிப்பட்டே ஆகவேண்டும். குற்றவாளி யார் என்பது தெரிந்ததும் கதை முடிகிறது. சிதம்பரத்து மரபிலோ திரை விலகிய பின்னும் மறைபொருள் மறைபொருளாகவே நிற்கிறது. முரண்பட்ட இவ்விரு அமைப்புகளையும் ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தியது, 2004 முதல் 2006 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘சிதம்பர ரகசியம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய இத்தொடர், குற்றப் புலனாய்வை நாடி சோதிடத்தோடு பிணைத்தது. இதன் தலைப்புச் சொல்லையும், தலைப்பும் கதைப்பொருளும் தாங்கிவரும் ஏடு, ரேகை, திரை என்னும் குறியீடுகளையும் கடலூர், சிதம்பரம் வட்டார மரபின் பின்புலத்தில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மர்மமும் ரகசியமும்

இவ்விருவரும் முன்னர் இணைந்து 1990களில் வழங்கிய தொடர்வரிசையின் பெயர் ‘மர்மதேசம்’. ‘மர்மம்’ என்பது வடமொழியில் உடலின் உயிர்நிலையைக் குறிப்பது. தமிழில் அப்பொருளை ‘வர்மம்’ தாங்கி நிற்க, ‘மர்மம்’ என்பது விளங்காத நிகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாயிற்று. ‘மர்மச் சாவு’, ‘மர்ம நபர்’ எனச் செய்தித்தாள்களின் குற்றச் செய்திகளில் அது பெரிதும் பயில்கிறது. ‘ரகசியம்’ என்பதோ தனிமை, மறைவு ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது.

இரு சொற்களும் ஏற்கும் வினைகள் வேறுபடுகின்றன. மர்மம் துலங்கும், ரகசியம் காக்கப்படும், அல்லது உடைக்கப்படும். மர்மத்தை எவரும் அறியாதிருக்கலாம். ரகசியத்தை ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். எனவே ‘ரகசியம்’ என்னும் தலைப்பு, ‘நடந்தது என்ன?’ என்னும் வினாவோடு ‘அறிந்தவர் யார்? அவர் ஏன் மறைக்கிறார்?’ என்னும் வினாக்களையும் எழுப்புகிறது. ‘மர்மதேச’த்தின் முதற்கதைக்கே ‘ரகசியம்’ என்று பெயரிட்டிருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஏடும் ரேகையும்

சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்தைக் கடந்து அமைந்த வைத்தீசுவரன்கோயில் நாடி சோதிடத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு ஆடவர் வலக்கைப் பெருவிரல் ரேகையும் மகளிர் இடக்கைப் பெருவிரல் ரேகையும் பதிக்கின்றனர். ரேகையைக் கொண்டு ஓலைக்கட்டு தெரிவு செய்யப்படுகிறது. பின்னர் ஓலைகளிலிருந்து கூற்றுகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட, வந்தவர் ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறுகிறார். இம்முறை காவல்துறை விசாரணையின் வடிவத்தை ஒத்திருக்கிறது. கைரேகைக்கெனத் தனிப் பணியகம் 1897இல் கொல்கத்தாவில் தொடங்கப்பெற்றது. அங்கு ரேகை நடந்துவிட்ட செயலுக்குச் சான்று. நாடியில் அதே ரேகை நடக்கவிருக்கும் வாழ்வுக்குத் திறவுகோல். புலனாய்வும் நாடியும் ஒரே கதையில் சேரும்போது ‘ரேகை’ என்னும் ஒரு சொல் இரு காலங்களையும் சுமக்கிறது.

ஏடும் கையடையாளமும் இணைந்த கதை சிதம்பரத்திற்குப் புதிதன்று. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் மூவர் கையடையாளமிட்ட அறையில் பூட்டியிருந்தன என்றும், அம்மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்றும் கூறப்பட்டதாகத் திருமுறைகண்ட புராணம் உரைக்கும். இராசராசன் எனப் பொதுவாகக் கருதப்பெறும் சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது, எஞ்சியவையே கிடைத்தன. பூட்டிய அறை, கையடையாளம், அறிவுக் கூர்மையால் பெற்ற திறப்பு ஆகிய துப்பறியும் கதைக் கூறுகள் இதில் உள்ளன. எனினும் அறை திறந்தபின் முழு விடை கிடைக்கவில்லை. இழந்தது இழந்ததாகவே நின்றது.

திரை

தில்லைச் சிற்றம்பலத்தில் நடராசர் திருவுருவின் அருகே திரை விலக்கப்படும்போது பொன் வில்வமாலைகள் மட்டுமே புலப்படுகின்றன, அவ்வெளியே வழிபடுபொருள். இதே கடலூர் மாவட்டத்து வடலூரில் 1872இல் வள்ளலார் தொடங்கிய சத்திய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கப்பட்டுச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது. ஓரிடத்தில் வெளி, மற்றோரிடத்தில் ஒளி. ஈரிடத்தும் திரை நீங்கியபின் காண்பது கைப்பற்றத்தக்க பொருளன்று. தொலைக்காட்சிக்குச் ‘சின்னத்திரை’ என்று பெயர் அமைந்திருப்பதால், மறைக்கும் திரையும் காட்டும் திரையும் தமிழில் ஒரே சொல்லாகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிது காட்டி ‘தொடரும்’ என மறைக்கும் தொடர்வடிவத்திற்கு இச்சொல் மிகவும் பொருந்துகிறது.

குறியீட்டின் வரம்பு

இப்பொருத்தமே ஓர் இடரையும் உடன் கொணர்கிறது. சிதம்பரத்து ரகசியம் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வேண்டிய கூற்றன்று. அது தத்துவக் குறியீடு. நாடி ஓலையோ ஒருவரின் பெயர், பெற்றோர், எதிர்காலம் பற்றிச் சோதிக்கத்தக்க கூற்றுகளை முன்வைக்கிறது. வந்தவர் தரும் விடைகளே ஓலைக்குச் செய்தியாகின்றன என்னும் மறுப்பும் அதற்கு உண்டு. இரண்டையும் ‘ரகசியம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, முன்னதன் மதிப்பு பின்னதன்மேல் ஏறுகிறது. சோதிக்கவேண்டிய கூற்றும் வினாவுக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றுகிறது.

முடிவுரை

ஏடு, ரேகை, திரை ஆகியன இத்தொடருக்கு அச்சமூட்டும் அணிகளாக மட்டும் அமையவில்லை; அவ்வட்டார மரபில் முன்பே கதையாற்றல் பெற்றிருந்தவை அவை. ‘ரகசியம்’ என்னும் சொல்லே அவற்றை ஒருங்கிணைக்கிறது. அச்சொல்லின் கலைப்பயனை ஏற்கும் ஆய்வு, அது நம்பிக்கைக்குச் சான்றாக மாறும் இடத்தையும் பிரித்துக் காட்டுதல் வேண்டும். அமானுடத் தொடர்களை மூடநம்பிக்கை என ஒதுக்குவதாலோ மரபு எனப் போற்றுவதாலோ இப்பிரிப்பு கைகூடாது. சொற்களைத் தனித்தனியே நோக்குவதாலேயே கைகூடும்.