ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் கணக்கு இருக்கு!



கொழுப்புப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். என்ற எண்ணைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அது நேராக அளந்தது இல்லை, கணக்குப் போட்டு எடுத்தது. மொத்தக் கொழுப்பில் எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் 5-ல் ஒரு பங்கையும் கழிக்கணும். 220, 40, 150 என்றால் 220-40-30 = 150. வட்டிக் கணக்குப் போடுற நமக்கு இது சுலபம்தான். 1972-ல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் வெளியிட்ட முறை இது. கையால் எழுதும்போது 150 என்பது 105 ஆகிவிட்டால், மருந்து தேவைப்படுறவங்களையும் "நல்லாருக்கு" என்று அனுப்பிடுவாங்க. கருவியிலிருந்து எண் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய், மென்பொருளே கணக்குப் போட்டால் இந்தப் பிழை வராது. டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கே செல்லாது. அதையும் முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தால் மென்பொருள் நிறுத்திச் சொல்லும்.

ஆனால் வயதைத் தப்பாகத் தட்டினால் அதுக்குத் தெரியாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு கிரியேட்டினினை வைத்துக் கணக்கிட வயது, ஆணா பெண்ணா என்ற விவரம் வேணும். சீட்டு வாங்கினதும், பாஸ்புக்கைப் பார்ப்பது போல பெயர், வயது பாருங்க. தப்பா இருந்தா அங்கேயே திருத்தி, திரும்பக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்க.