மறுகால் உணர்த்தும் அறம்

முன்னுரை

தமிழகத்தில் ஏறத்தாழ 40,000 ஏரிகள் உள்ளன. வடமாவட்டங்களில் ஏரி என்றும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய் என்றும், நெல்லை, குமரிப் பகுதிகளில் குளம் என்றும் இவை பெரும்பாலும் வழங்கப்பெறுகின்றன. பெயர் வேறாயினும் அமைப்பு ஒன்றே. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, கீழுள்ள வயல்களுக்குப் பாய்ச்சுதலே அவ்வமைப்பாகும். அதன் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களில் பொதிந்துள்ள அறத்தைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியமும் கல்வெட்டும்

பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கும் வேந்தனே நிலைத்த புகழ் பெறுவான் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18-ஆம் பாடலிற் காண்கிறோம். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அதன் உறுப்பினர் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பெற்றனர். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர்க்கு அங்கே இடமில்லை. நீரை ஆள்வோர் ஊருக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டோர் என்னும் கருத்து இதனால் விளங்கும்.

உறுப்புகளும் பெயர்களும்

கரையின் உட்புறத்தை அலை அரிக்காதவாறு பதிக்கப்பெறும் கல் அலைகல். நீரை அளந்து வெளிவிடுவது மடை அல்லது மதகு. ஏரியின் உட்பகுதியில் நிற்கும் குமிழித்தூம்பில் நீரோடித்துளை, சேறோடித்துளை என இருவகைத் துளைகள் உண்டு. முன்னது நீரையும் பின்னது வண்டலையும் வெளியேற்றும். பாசனம் பெறும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. முறை வைத்து நீர் விடுபவர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி எனப்பட்டார்.

இவற்றுள் தலையாயது கலிங்கு. மண்கரையின்மேல் நீர் வழிந்தால் மண் அரிக்கப்பட்டுக் கரை உடையும். எனவே குறித்த மட்டத்திற்கு மேற்பட்ட நீர் கலிங்கு வழியே வெளியேறிக் கீழுள்ள அடுத்த ஏரியைச் சென்றடையும். தென்மாவட்டத்தார் இதனை மறுகால் பாய்தல் என்பர். கலிங்கின் மட்டத்தை ஓர் ஊரார் உயர்த்திவிட்டால் அவர்தம் கரைக்கும் கேடு. கீழூரார் வயலுக்கும் கேடு. தேவைக்குமேல் தேக்கி வைப்பவன் தன்னையும் அழித்துக்கொள்வான் என்பதே மறுகால் தரும் பாடமாகும்.

நபிமொழி காட்டும் நெறி

மதீனாவின் மஹ்ஸூர் ஓடைநீரை மேற்பகுதியார் கணுக்கால் அளவு தேக்கிய பின்னர்க் கீழ்ப்பகுதியார்க்கு விட்டுவிட வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூது, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகள் இதனைப் பதிவு செய்துள்ளன. நாடும் மொழியும் வேறாயினும் கலிங்கின் நீதியும் இத்தீர்ப்பின் நீதியும் ஒன்றாதல் நோக்கத்தக்கது.

முடிவுரை

ஊரார் கூடிக் கரை பேணிய குடிமராமத்து முறை நாளடைவில் நலிந்தது. அப்பெயரிலேயே தமிழக அரசு 2017-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் வரத்துக்கால் அடைபட்டிருக்க, ஏரியின் வண்டலை மட்டும் அகற்றுவதால் பயன் விளையாது. வரத்துக்கால் எது, மறுகால் எது என்று அறிந்த முதியோர் ஊர்தோறும் குறைந்து வருகின்றனர். சொல் மறையுமாயின் அது குறித்த இடமும் மறையும். மறைந்த இடத்தில் மனைக்கல் முளைக்கும். ஆதலின் மாணவர்கள் விடுமுறை நாள்களில் தத்தம் ஊர் ஏரியின் கரையை முதியோருடன் சுற்றிவந்து, அவர்கள் கூறும் பெயர்களை இடத்துடன் குறித்து வருதல் வேண்டும். அது தமிழாய்வும் ஆகும், ஊர்ப்பணியும் ஆகும்.