டிரெய்லர் ஹெட்டை லாரியாக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, பட்டறை தொடங்கிய கையோடு, டிரெய்லர் ஹெட் ஒன்றைக் கன்டெய்னர் லாரியாக மாற்றும் வேலை உனக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் புதுச் சேஸுக்குப் பாடி கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது அதைவிடக் கனமான பொறுப்பு. இழுப்பதற்கென்றே செய்த வண்டியைச் சுமக்க வைக்கப் போகிறாய். பாடி ஏறிவிட்டால் நீ செய்ததில் பெரும்பங்கு கண்ணுக்கு மறைந்துவிடும். ஓட்டுகிறவர் அதைப் பார்க்காமலே தொப்பூர் கணவாயில் இறங்குவார். அவரை மனதில் வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

1. கேஸ் கட்டரைப் பற்றவைக்கும் முன் ஆர்.சி. புக்கைக் கையில் வாங்கு. "முதலில் வேலையை முடி, பேப்பரை அப்புறம் பார்க்கலாம்" என்பார் வண்டிக்காரர். இணங்காதே. கம்பெனி குறித்துக்கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அந்தக் கம்பெனி அதே இன்ஜினில் லாரி மாடல் விற்கிறதா, அதன் வீல்பேஸ் என்ன, சேஸின் கனம் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்கு. அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டு. சோதனை நிறுவனத்தின் சான்று வேண்டும் என்றால் அதற்கும் காத்திரு. அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி, மகள் கல்யாணத்தை வைத்திருந்த மாதத்தில் அப்படி ஒரு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். வண்டிக்காரர் வேறு பட்டறைக்குப் போனார்; மேஸ்திரி வட்டிக்குக் கடன் வாங்கிக் கல்யாணத்தை நடத்தினார்.

2. "40 டன்னுக்கு மேல் இழுத்த வண்டி, 20 டன் சுமக்காதா?" என்று உன்னிடம் கேட்பார்கள். இழுவை வேறு, சுமை வேறு. டிரெய்லரின் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்த ஆக்ஸில்கள் தாங்கின. இனி எல்லாம் ஹெட்டின் இரண்டு ஆக்ஸில்கள் மேல்தான். 2018-இல் வந்த விதிப்படி முன் ஆக்ஸிலுக்கு 7 டன், நான்கு டயர் பின் ஆக்ஸிலுக்கு 11.5 டன். வண்டி, பாடி, சரக்கு எல்லாம் சேர்ந்தே 18.5 டன். பாடியில் நீ அதிகமாக வைக்கும் ஒவ்வொரு கிலோ இரும்பும் அவருடைய சரக்கில் குறையும். இந்தக் கணக்கை நோட்டில் போட்டு, வேலை பேசும் நாளிலேயே அவர் முன் வை. கேட்க அவருக்குக் கசக்கும். வண்டி முடிந்தபின் சொன்னால் இன்னும் கசக்கும்.

3. நீளமான பெட்டி கேட்பார்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 3.6 மீட்டர் என்றால் 2.16 மீட்டர்தான். அதற்கு மேல் பெட்டி வேண்டுமென்றால் சேஸை நீட்டி ஆக்ஸிலைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். குறுக்கு வழி இல்லை. பின்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங்குக்கு வண்டி கட்டுப்படாது. டிரெய்லரைத் தாங்கிய ஃபிப்த் வீலைக் கழற்றும் முன் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நின்று பார். பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருக்கும். சுமையில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கும் போகட்டும் என்று யோசித்து வைத்த இடம் அது. உன் பெட்டியின் பாரமும் அதே யோசனையோடு உட்கார வேண்டும்.

4. நூல் பிடிக்கச் சோம்பாதே. ஆக்ஸில் புது இடத்தில் உட்கார்ந்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. முன் ஸ்பிரிங் பிராக்கெட் இரண்டிலிருந்தும், பின் பிராக்கெட் இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வை. வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை நூல் பிடி. இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும். பின் ஆக்ஸில் கோணலாக நின்றால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். டயர் தேய்ந்துகொண்டே இருக்கும். டிரைவர் நாள் முழுக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவார். எங்கள் மேஸ்திரி காலையில் தான் அளந்ததைச் சாயங்காலம் பட்டறைப் பையனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வார், தன் அளவைச் சொல்லாமல். "நான் மறுபடி அளந்தால் எனக்குப் பிடித்த அளவுதான் வரும்டா" என்பார். பையன் சொன்ன அளவு மாறினால் முகம் சுளிக்கமாட்டார். தரையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பதினைந்து வயதுப் பையன் சொன்னதைக் கேட்டு அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து புள்ளியை அழித்த அழகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் பட்டறையிலும் சின்னவன் வாய்திறக்கப் பயப்படக் கூடாது.

5. வெல்டிங்கில் உன் மனசாட்சி தெரியும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்று, ஈ.சி.யு. கனெக்டரைப் பிடுங்கு. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடு. எங்கோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பொத்தலாக்கும். 7018 ராடைச் சூட்டில் காயவைத்து எடு. ஈர ராடு போட்ட ஒட்டு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும். சேஸை நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டு. ஒட்டு கேபினுக்கு உடனே பின்னாலும் வரக் கூடாது, ஸ்பிரிங் பிராக்கெட் இருக்கும் இடத்திலும் வரக் கூடாது. உள்ளே வைக்கும் ஒட்டுப்பட்டையின் முனையைச் சரித்து விடு. பலம் சட்டென்று முடிகிற இடத்தில்தான் விரிசல் தொடங்கும். சில சேஸ்கள் சூட்டில் பதமேற்றிய உருக்கு. வெல்டிங் பட்டால் பதம் போய்விடும். அங்கே கம்பெனி சொல்லும் முறையை மீறாதே. கிரைண்டர் ஓட்டி ப்ரைமர் அடித்து ஒட்டை மறைப்பது எல்லோரும் செய்வது. நீ ப்ரைமர் அடிக்கும் முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, கீழே படுக்கவைத்து, டார்ச் அடித்துக் காட்டு.

6. சேஸின் மேல்மடிப்பிலும் கீழ்மடிப்பிலும் துளை போடாதே. அவசரத்துக்கு ஒன்று என்றும் போடாதே.

7. சேஸ் நீண்டால் புரொப்பல்லர் ஷாப்டும் நீளும். ஒரே ஷாப்டாக இழுக்காமல் சென்டர் பேரிங் வைத்து இரண்டாக்கு. பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதே. கிராஸ் ஜாயின்டின் கோணம் இரு முனையிலும் சமமாக இருக்கட்டும். இரண்டு யோக்கும் ஒரே நேரில் நிற்கட்டும்.

8. டிரெய்லருக்குப் போன இரண்டு ஏர் ஹோஸையும் முறையாகக் கழற்றி, வால்வில் பிளக் போட்டு அடை. வேறொரு பட்டறையில் மாற்றிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது, பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது என்று. அடியில் போய்ப் பார்த்தால் ஹோஸை மடக்கிக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். நின்ற இடத்தில் உஸ் என்று காற்று கசிந்துகொண்டே இருந்தது. மூன்று மாதக் குழந்தையின் போட்டோவை டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்தார் அந்த டிரைவர். காசு மிச்சம் பிடிக்கத் தோன்றினால் பெயின்டில் பிடி. பிரேக்கில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதே.

9. பெட்டி கட்டுவது உனக்குத் தெரிந்த வேலை, அதிகம் சொல்லமாட்டேன். சேஸ் பள்ளம் மேட்டில் முறுக்கும், முறுக்கத்தான் வேண்டும். சப்ஃபிரேமைப் பின்னால் இறுக்கிப் பிடி. முன்னால் ஸ்பிரிங் வைத்து அசைய விடு. அகலம் 2.6 மீட்டர், உயரம் 4 மீட்டர் தாண்டாதே. பின்பக்கக் காப்புக் கம்பியையும் ரிப்ளெக்டர் டேப்பையும் எஃப்.சி.க்காக மட்டும் மாட்டிக் கழற்றும் ஆட்களுக்கு வேலை செய்து கொடுக்காதே. இருட்டில் பின்னால் வரும் பைக்காரன் உயிர் அதில் இருக்கிறது.

10. முதல் சுமை ஏற்றி ஓடித் திரும்பியதும் வண்டியை மறுபடி பட்டறைக்கு வரச் சொல். கூலி கேட்காதே. யு-போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கு. புதுப் பட்டைகள் படிந்து தளர்ந்திருக்கும். ஒட்டுப்பட்டையின் முனைகளில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா, துரு கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு டிரைவரைத் தனியாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடு. எந்த ஸ்பீடில் நடுக்கம் வருகிறது, பிரேக் அடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, காலியாக வரும்போது பின்பக்கம் எப்படிக் குதிக்கிறது என்று கேள். முதலாளி எதிரில் சொல்லத் தயங்கியதை அப்போது சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டு, அன்றே வண்டிக்கடியில் போய்ப் பார்.