அங்கன்வாடிக்கு அனுப்பலாமா?

எங்கள் பேத்திக்கு மூன்று வயது. ஊர் அங்கன்வாடியில் விடலாம் என்கிறேன். "அங்கே சோறுதானே போடுவார்கள்? செஞ்சிக்கு வேனில் அனுப்பலாம்" என்கிறான் மகன். என்ன செய்வது?
– வாசகி ஒருவர், தளவானூர்

தயங்காமல் அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள் அம்மா. மூன்று வயதில் வேன் அலைச்சல் வேண்டாம்.

மகனின் கவலைக்கு நல்ல பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் இங்குள்ள 320 மையங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு, கற்பிப்பதற்கென்றே அரைநாள் ஊழியர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதங்களில் அந்தக் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. ஆக, கட்டடமோ சீருடையோ அல்ல, குழந்தையோடு ஒருவர் உட்காரும் நேரம்தான் கணக்கு.

அதனால் ஒரு நாள் காலை மையத்தில் போய் உட்காருங்கள். பாட்டும் கதையும் ஒரு மணி நேரமாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

எல்.கே.ஜி.தான் வேண்டும் என்று மகன் சொன்னால் அதற்கும் வழி உண்டு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசே மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. 2022-இல் அவற்றை நிறுத்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அருகிலுள்ள நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

மாலையில் உங்கள் ஊர் மகேந்திரவர்மன் குடைவரைக்குப் பேத்தியை அழைத்துப்போய், தூண்களை எண்ணச் சொல்லுங்கள்.