சிறு நன்கொடை எதை வாங்குகிறது?

கேள்வி: கார்டோமா என்ற அரிய புற்றுநோய்க்கு மருந்து தேட, அமெரிக்காவில் நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து நன்கொடை திரட்டுகிறார்கள் என்று படித்தேன். ஒரு மருந்தைக் கொண்டுவர கம்பெனிகளுக்கே ஆயிரக்கணக்கான கோடி ஆகிறதாமே! நாலு பேர் தரும் பணத்தில் அங்கே என்ன நடந்துவிடும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கணக்கில், நன்கொடைப் பணம் மருந்து தயாரிக்கப் போகிறது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. பலருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது போகிற இடம் வேறு.

முதலில் நோயைப் பார்ப்போம். கருவில் முதுகெலும்பு உருவாகும் முன், அந்த இடத்தில் முதுகுநாண் என்ற மெல்லிய தண்டு இருக்கும். பிறகு அது மறைந்துவிடும். எங்கோ மிஞ்சிப்போன அதன் செல்கள் பல ஆண்டுகள் கழித்துக் கட்டியானால் அதுதான் கார்டோமா. மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ முதுகெலும்பிலோ வரும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிறது. மிக மெதுவாக வளர்வதால், வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும் வழக்கமான கீமோதெரபி இதை அதிகம் தொடுவதில்லை. அறுவையும் கதிர்வீச்சும்தான் வழி. குறி தவறாமல் பாயும் புரோட்டான் கதிர்வீச்சு 2019 முதல் சென்னையிலும் கிடைக்கிறது.

2006-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஜாஷ் சோமர் என்ற மாணவருக்கு இந்த நோய் வந்தது. அறுவை முடிந்த கையோடு, அதே பல்கலைக்கழகத்தில் கார்டோமாவை ஆராய்ந்த மைக்கேல் கெல்லியின் ஆய்வகத்தில் போய்ச் சேர்ந்தார். பணம் குறைவு என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆராய்வதற்குக் கார்டோமாவே கைவசம் இல்லை என்பதை அங்கேதான் கண்டார்.

மருந்தைச் சோதிக்க 'செல் லைன்' வேண்டும்; அதாவது, நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, ஆய்வகத் தட்டில் தொடர்ந்து பெருகும்படி வளர்த்த செல்கள். கார்டோமாவுக்கு நம்பத்தக்க செல் லைன் அப்போது ஒன்றே ஒன்று. ஜெர்மனியின் உல்ம் நகரில் உருவானது. கார்டோமா என்ற பெயரில் ஆய்வகங்களில் கைமாறிய வேறு சில, கார்டோமாவே அல்ல என்று பின்னர் தெரிந்தது. எந்தக் கம்பெனி கோடிகளோடு வந்திருந்தாலும் சோதித்துப் பார்க்க இடமில்லை. விதைநெல்லே இல்லாத ஊரில் உரக்கடை வைத்து என்ன பயன்?

2007-ல் சோமரும் அவர் தாயாரும் தொடங்கிய கார்டோமா அறக்கட்டளை இந்த இடத்தில்தான் பணத்தைப் போட்டது. அறுவையில் எடுத்த கட்டித் துணுக்குகளைச் சேமித்தது. கார்டோமாதான் என்று உறுதியான ஒவ்வொரு புது செல் லைனுக்கும் 10,000 டாலர் பரிசு அறிவித்தது. மனிதக் கட்டியை எலிகளில் வளர்க்கும் வேலைக்கும் உதவியது. கேட்கும் ஆய்வாளர்களுக்கு எல்லாம் இவை கிடைக்கச் செய்தது. என்னைக் கேட்டால், இந்தப் பகிர்வுதான் பணத்தைவிடப் பெரிய காரியம்.

மருந்து எதைத் தாக்க வேண்டும் என்பதற்கு முக்கியமான துப்பும் கிடைத்தது. பரம்பரையாகக் கார்டோமா வந்த சில குடும்பங்களில் பிராக்கியூரி என்ற மரபணுவின் பிரதி ஒன்று கூடுதலாக இருப்பதை 2009-ல் கெல்லியும் மற்ற ஆய்வாளர்களும் கண்டுபிடித்தார்கள். முதுகுநாணை உருவாக்கத் தேவைப்படும் மரபணு அது. பெரியவர்களின் உடலில் அநேகமாக எங்கும் இயங்குவதில்லை; கார்டோமாவிலோ ஓயாமல் இயங்குகிறது. ஆகவே அதை அடக்கினால் மற்ற உறுப்புகளுக்குச் சேதம் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆய்வகத்தில் அந்த மரபணுவை அணைத்தபோது கார்டோமா செல்களின் வளர்ச்சி நின்றுபோனது.

சிக்கல் என்னவென்றால், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் மேற்பரப்பில் மருந்து மூலக்கூறு புகுந்து உட்காரத்தக்க ஆழமான குழி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்து, சின்ன மூலக்கூறுகள் ஒட்டக்கூடிய இடங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே உள்ள அஃபாடினிப் மாத்திரை கார்டோமா செல்களிலும் எலிகளிலும் பலன் காட்டி, நோயாளிகளிடம் சோதிக்கும் கட்டம்வரை போயிற்று. கார்டோமாவுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் இன்று ஒரு கம்பெனி புது மூலக்கூறோடு வந்தால், அதைச் சோதிக்கச் செல்களும் எலிகளும் தயாராக இருக்கின்றன. நீங்கள் கேட்ட நாலு பேரின் பணம் வாங்கியது அவற்றைத்தான்.